வில்லனுக்கு நல்ல தமிழைக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இதழில் குழந்தைகள் பார்க்கும் படங்களைப் பற்றி வந்த கட்டுரையை, சென்னையில் இருக்கும் என் சித்தப்பா மகன் படம் பிடித்துக் கைப்பேசியில் அனுப்பியிருந்தான். இங்கே மின்சாரம் வரும் நேரம் பார்த்துத்தான் கைப்பேசிக்கு உயிர் ஏற்ற வேண்டியிருக்கிறது. ஆகவே இரண்டு நாளில், நான்கு தவணையாகப் படித்து முடித்தேன். அச்சமூட்டும் வில்லன்கள் பிள்ளைகளின் படங்களுக்கு வேண்டாம், வில்லன் இருந்தே தீர வேண்டுமென்றால் அவன் ஏன் கெட்டவன் ஆனான் என்று பார்ப்பவர்களுக்கு இரக்கம் வரும்படி காட்ட வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பிள்ளைகள் மேல் உள்ள அக்கறையால் எழுதியிருக்கிறார், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் என் வாழ்நாள் அனுபவம் வேறு விதமாக இருப்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் பர்மாவில் பெகு நகரில் வசிப்பவன். பிறந்தது 1952-இல், இங்கிருந்து சில மைல் தொலைவில் உள்ள ஒரு நெல்வயல் கிராமத்தில். பிழைப்புக்கு அரிசிக் கடையில் கணக்கு எழுதினேன். முப்பது ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். என் தமிழில் பாதி அம்மா கொடுத்தது. மீதிப் பாதியை எனக்குக் கொடுத்தவர்கள் திரைப்பட வில்லன்கள். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

1960-ஆம் ஆண்டு எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் ‘பாதாள பைரவி’ படம் போட்டார்கள். 1951-இல் வந்த படம், எங்கள் கிராமத்துக்கு வந்து சேர ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவே பெரிய வெள்ளைத் துணியைக் கட்டியிருந்தார்கள். முன்பக்கம் இடம் கிடைக்காததால் என்னைப் போன்ற சிறுவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்தோம். அந்தப் பக்கத்திலும் படம் தெரியும், இடம் வலம் மட்டும் மாறியிருக்கும். எஸ்.வி. ரங்காராவ் நேபாள மந்திரவாதியாகத் தாடியும் கோலுமாக வந்து நின்றார். சரியாக அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது. துணி உப்பியது. மந்திரவாதியின் முகம் எங்களை நோக்கிப் புடைத்து வந்தது. பிறகு துணி உள்வாங்கியது, முகமும் ஒடுங்கிப் பின்னால் போனது. எனக்குப் பக்கத்தில் இருந்த பையன் எழுந்து ஓடிவிட்டான். எனக்கு ஓடக் காலில் வலு இல்லை.

ஒரு வீரனைத் தேவிக்குப் பலி கொடுத்தால் நினைத்ததெல்லாம் தரும் சிலை கிடைக்கும், அதற்காகத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளையை ஏய்த்து அழைத்துப் போகிறான் மந்திரவாதி. கடைசி நொடியில் அந்தப் பிள்ளை முந்திக்கொண்டு மந்திரவாதியையே பலியாக்கிவிடுகிறான். ‘அப்பாடா’ என்று மூச்சு விட்டோம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மந்திரவாதியின் சீடன் மூலிகை கொண்டுவந்து அவனை உயிர்ப்பித்துவிடுகிறான். செத்த வில்லன் எழுந்து உட்கார்ந்ததைக் கண்ட அந்தக் கணத்தை இப்போதும் என்னால் தொட்டுக் காட்ட முடியும். ஒரு தீமையை ஒருமுறை வென்றுவிட்டால் போதாது, அது திரும்பி வரும் என்பதை அன்றைக்கு எட்டு வயதில் தெரிந்துகொண்டேன். என் நாட்டில் அதற்குப் பிறகு நடந்தவற்றைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

மறுநாள் அன்னதானம். முதல் நாள் இரவு திரையாக இருந்த அதே துணியை அலசி, மடப்பள்ளிக்கு முன்னால் பாய் மேல் விரித்து, வடித்த சோற்றை அதில் கொட்டி ஆற வைத்திருந்தார்கள். ஆவி பறந்தது. மந்திரவாதியின் முகம் இருந்த துணி அது. அந்தச் சோற்றைத் தின்ன மாட்டேன் என்று அடம்பிடித்தேன். அப்பா என்னைத் திட்டவில்லை. துணியின் ஓரத்தில் குந்தி, ஒரு பிடி சோறு எடுத்து என் கண்ணெதிரே தாம் முதலில் தின்றார். அப்புறம் அந்த வெறும் துணியை என்னைத் தொடச் சொன்னார். தொட்டேன். சூடாக, ஈரமாக இருந்தது. பிறகு நானும் சாப்பிட்டேன். அதற்குப் பின்னும் சில வாரங்கள் இருட்டில் கிணற்றடிக்குப் போக அஞ்சினேன் என்பது உண்மை. அந்த அச்சத்தைத் தாண்டி ஒருநாள் தனியாகப் போய் ஒரு வாளி தண்ணீர் சேந்தி வந்ததும் உண்மைதான். அந்தப் படம் எனக்குக் காட்டப்படாமலே போயிருந்தால் இவை எதுவும் எனக்குக் கிடைத்திருக்காது.

எங்கள் சித்தப்பா படப் பித்தர். ரங்கூனுக்கு மூட்டை ஏற்றிப் போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு கொட்டகையில் தமிழ்ப் படம் பார்த்துவிட்டு, பாட்டுப் புத்தகமும் வசனப் புத்தகமும் வாங்கி வருவார். ஒரு தகரப் பெட்டி நிறைய வைத்திருந்தார். மாலையில் களத்து மேட்டில் உட்கார்ந்து வில்லன் நடிகர் பி.எஸ். வீரப்பாவைப் போலச் சிரித்துக் காட்டுவார். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, படிப்படியாக ஏறி, உச்சியில் போய் உடையும் சிரிப்பு. அக்கம்பக்கத்துப் பர்மியப் பிள்ளைகளும் ஓடி வருவார்கள். ‘பீலூ, பீலூ’ என்று கைதட்டுவார்கள். பீலூ என்பது அவர்கள் கதைகளில் வரும் அரக்கன். அவர்களுடைய பொம்மலாட்டத்தில் பீலூ வராத இரவு கிடையாது. 1767-இல் அயுத்தியா வீழ்ந்தபோது சயாமிலிருந்து சிறைபிடித்து வரப்பட்ட கலைஞர்களோடு இராமாயணக் கூத்து பர்மிய அரண்மனைக்கு வந்தது. அங்கே நம் இராவணனுக்குப் பெயர் தசகிரி. அரக்கனைப் பார்க்க விடிய விடியக் கண்விழிப்பதில் எங்களுக்கும் அவர்களுக்கும் வேறுபாடே இல்லை.

1964-இல் கடைகளெல்லாம் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். சித்தப்பா குடும்பத்தோடு சென்னைக்குக் கப்பல் ஏறினார். பின்னாளில் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய பர்மா பஜாரில் கடை போட்டார். கிளம்பும்போது அந்தத் தகரப் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் எங்கள் தமிழ்ப் பள்ளியும் போயிற்று. பதின்மூன்று வயதுக்கு மேல் எனக்குத் தமிழ்ப் பாடநூல் என்று ஒன்று கிடையாது. பெட்டிதான் பள்ளிக்கூடம்.

அந்த வசனப் புத்தகங்களைப் படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. கதாநாயகனுக்குப் பாட்டு உண்டு, சண்டை உண்டு. பேச்சு வில்லனுடையது. ‘மந்திரி குமாரி’யில் கொள்ளையடிப்பதே ஒரு கலை என்று வாதாடுகிறான் பார்த்திபன். எஸ்.ஏ. நடராஜன் நடித்த பாத்திரம், மு. கருணாநிதி எழுதிய வசனம், 1950-ஆம் ஆண்டுப் படம். அவன் சொல்வது தவறு என்று தெரிகிறது. ஆனால் எங்கே தவறு என்று எடுத்துச் சொல்ல முயன்றால் நாக்கு புரள்கிறது. அதற்கு நமக்கும் தமிழ் வேண்டும். நானும் என் நண்பன் ஒருவனும் களத்து மேட்டில் இதற்காகவே வழக்காடுவோம். ஒருவன் பார்த்திபன், மற்றவன் அவனுக்கு மறுப்புச் சொல்பவன். மறுப்புச் சொல்ல வேண்டியவனுக்குப் புத்தகத்தில் உள்ளது போதாமல், சொந்தமாக வாக்கியம் அமைக்க வேண்டிவரும். அந்தப் படத்தின் முடிவில் தன்னைத் தள்ளிவிட மலையுச்சிக்கு அழைத்துப் போகும் கணவன் பார்த்திபனை, சாகுமுன் உன்னை மூன்று முறை வலம் வருகிறேன் என்று கேட்டு, வலம் வரும்போதே அவனைத் தள்ளிவிடுகிறாள் அமுதவல்லி. குண்டலகேசிக் கதை அது. வில்லன் அத்தனை கெட்டிக்காரனாக இருந்ததால்தான் அவள் அவனைவிடக் கெட்டிக்காரியாக இருக்க வேண்டியிருந்தது. ‘மகாதேவி’யில் வீரப்பா பேசும் வசனம் கண்ணதாசன் எழுதியது. மகாதேவிக்குப் பக்கத்தில் மரணதேவியைக் கொண்டுவந்து நிறுத்தும் அந்த ஒரு வரியில்தான் நான் மோனை என்றால் என்ன என்று கற்றேன். எந்த ஆசிரியரும் அதை எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

இனி நான் எழுதப் போவது எனக்கு வலித்த ஒன்று. தமிழ்ப் பள்ளி போனபின் சேர்ந்த பர்மியப் பள்ளியில் ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் போட்டார்கள். அதில் வட்டிக்கடைக்காரன் வேடம் எனக்கு. நான் நன்றாக நடிப்பேன் என்பதற்காகக் கொடுக்கப்படவில்லை. என் நிறத்தையும் முகத்தையும் பார்த்துக் கொடுத்தார்கள். அவனுக்கு வசனம் மூன்றே மூன்று வரி. மூன்றும் வேண்டுமென்றே உடைத்த பர்மிய மொழி. என் பர்மிய மொழி வகுப்பில் எவனுக்கும் குறைந்ததில்லை. ஆனால் தப்புத் தப்பாகப் பேசு என்றார்கள். பேசினேன். கூட்டம் சிரித்தது.

அந்த வேடத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 1930-இல் நூற்றுக்கு ஆறு பங்கு. நெல் விலை சரிந்து, கடன்பட்டவர்கள் கட்ட முடியாமல் போனபோது, அந்தப் பத்தாண்டின் முடிவில் அது நூற்றுக்கு இருபத்தைந்து ஆயிற்று. நிலம் இழந்த பர்மியக் குடியானவனின் கோபம் நியாயமானது. ஆனால் அந்த நாடகத்தில் கடன் இல்லை, வட்டிக் கணக்கு இல்லை, நிலம் கைமாறிய கதை இல்லை. ஒரு கறுத்த முகமும் உடைந்த மொழியும் மட்டுமே இருந்தன. என் தாத்தா வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். அவர் பேரன் அன்று மேடையில் வட்டிக்காரனாக நின்றான்.

அன்றிலிருந்து இன்றுவரை நான் பார்க்கும் ஒவ்வொரு படத்திலும் இதைத்தான் அளந்து பார்க்கிறேன். வில்லனுக்கு என்ன மொழியைக் கொடுத்திருக்கிறார்கள்? வீரப்பாவுக்குக் கொடுத்தது போல, நிமிர்ந்து நின்று பேசும் மொழியா? எனக்குக் கொடுத்தது போல, உடைந்த மொழியா? நல்ல மொழி பெற்ற வில்லன் தன் செயலால் கெட்டவன் ஆகிறான். அவனைப் பார்க்கும் பிள்ளை அந்தச் செயலை வெறுக்கக் கற்கிறது. உடைந்த மொழி பெற்ற வில்லன் தன் முகத்தால் கெட்டவன் ஆக்கப்படுகிறான். அதைப் பார்க்கும் பிள்ளை, மறுநாள் தெருவில் அதே முகத்தோடு வருபவனைப் பார்த்துச் சிரிக்கிறது. தங்கள் கட்டுரையாளர் அஞ்ச வேண்டியது இந்த இரண்டாவது வகையைக் கண்டுதான். நான் போற்றும் படங்களிலும் இந்தக் குறை உண்டு. மந்திரவாதி ஏன் நேபாளத்திலிருந்து வர வேண்டும் என்று ஒரு நேபாளச் சிறுவன் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இங்கே கூர்க்காக் குடும்பங்கள் இருக்கின்றன, ஆகையால் இந்தக் கேள்வி எனக்கு வெறும் கற்பனைக் கேள்வி இல்லை.

இரக்கம் காட்டச் சொல்லும் கருத்துக்கும் வருகிறேன். 1959-இல் வந்த ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ என்ற கார்ட்டூன் படத்தின் சூனியக்காரியை வைத்தே 2014-இல் இன்னொரு படம் எடுத்தார்கள். அதில் அவள் சிறகை ஒருவன் ஏமாற்றி அறுத்துக்கொண்டு போகிறான், அதனால்தான் அவள் சபிக்கிறாள். என் பேத்தி இரண்டையும் பார்த்தாள். இரண்டாவது படம் அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் கொஞ்ச நாள் கழித்து, ‘அந்த அம்மாவைப் பார்த்தால் இப்போது பயமே வரவில்லை, தாத்தா’ என்றாள், ஏதோ ஒரு பொருளைத் தொலைத்துவிட்ட குரலில். பெரியவர்களுக்கு அந்த இரண்டாவது கதை வேண்டும், மறுக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு முதல் கதை முதலில் வேண்டும். 1939-இல் வந்த ‘விசர்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் பச்சை முகத்துச் சூனியக்காரியாக நடித்துத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை நடுங்கவைத்த மார்கரெட் ஹாமில்டன், அதற்கு முன் மழலையர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். பிள்ளைகளை அருகிலிருந்து அறிந்த ஒருவர் அந்த வேடத்தைச் செய்தார் என்பதைத் தங்கள் வாசகர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது என் வகுப்பு. பதினான்கு பிள்ளைகள். வீட்டில் பெரும்பாலும் பர்மிய மொழிதான். பர்மியப் பேச்சில் சொல்லின் கடைசியில் மெய்யெழுத்து நின்று ஒலிக்காது, தொண்டைக்குள் விழுங்கப்பட்டுவிடும். ரகரத்தை எழுதுவார்கள், சொல்லும்போது பெரும்பாலும் யகரமாகிவிடும். ஆகவே எங்கள் பிள்ளைகள் வாயில் ‘கடல்’ என்பது ‘கட’ என்று நின்றுவிடும். ‘மரம்’ என்பது ‘மயம்’ ஆகும். நான் பலகையில் எழுதிப் போட்டு எத்தனை முறை சொன்னாலும் அடுத்த ஞாயிறு பழைய நிலைதான்.

சென்ற ஆண்டு ஆண்டு விழாவுக்காக நானே ஒரு சிறு நாடகம் எழுதினேன். இளவரசி, வீரன், மந்திரவாதி. யார் மந்திரவாதி என்று கேட்டபோது பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். வகுப்பிலேயே மெல்லப் பேசுபவள். அவளுக்கு எழுதிக் கொடுத்த வரி இது: ‘மரணம் என் வாசலில் காவல் கிடக்கும் நாய்! நான் சொன்னால் குரைக்கும், நான் சொன்னால் கடிக்கும்!’ முதல் வாரம் அவள் சொன்னது, ‘மயணம் என் வாசலி காவ கிடக்கு நா’. சொல்லிவிட்டு அவளே நின்றாள். யாரும் அஞ்சவில்லை என்பது அவளுக்கே தெரிந்துவிட்டது. நான் திருத்தவில்லை. அவள் வீட்டுக்குப் போய், காலியான அரிசிப் பானைக்குள் வாயை வைத்துச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். பானை அவள் குரலைப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்திருக்கிறது. விழுங்கிய எழுத்துகளெல்லாம் பானைக்குள் ஓட்டையாகக் கேட்டனவாம். அவள் சொன்ன சொல்லைத்தான் எழுதுகிறேன்: ‘ஓட்டை கேட்டது, சார்.’ மூன்றாவது வாரம் ‘மரணம்’ வந்தது. ஐந்தாவது வாரம் ‘நாய்’ என்பதன் யகரம் தனியாக நின்று ஒலித்தது. வீரனாக நடித்த பையன் ‘இளவரசியை விடு’ என்பதை இரண்டே நாளில் பாடம் செய்து முடித்துவிட்டான். அவன் ரகரம் இன்றும் யகரம்தான்.

அவளுடைய பாட்டி என்னிடம் சண்டைக்கு வந்தார். ‘வாத்தியாரே, பெண் பிள்ளை வாயில் சாவைப் பற்றிய பேச்சு எதற்கு? இளவரசி வேடம் கொடுக்கக் கூடாதா?’ என்று கேட்டார். அவரை உட்காரவைத்து நம்பியாரைப் பற்றிச் சொன்னேன். எத்தனை படத்தில் எத்தனை கொடுமை செய்தவர், ஆனால் வாழ்நாள் முழுவதும் ஆண்டு தவறாமல் சபரிமலைக்குப் போனவர், பக்தர்களைக் குருசாமியாக முன்னின்று அழைத்துச் சென்றவர், புலால் தொடாதவர், மது அறியாதவர், 2008-இல் மறைந்தார் என்றேன். கண்ணூர்ப் பக்கத்து மலையாளி அவர், தமிழைக் கற்றுத்தான் அப்படிப் பேசினார், உங்கள் பேத்தியும் கற்றுப் பேசுவாள் என்றும் சொன்னேன். பாட்டி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ‘ஆயிரத்தில் ஒருவனில் கொள்ளைக் கப்பல் தலைவனாக வருவாரே, அவரா?’ என்றார். அவரேதான் என்றேன். விழாவுக்கு மந்திரவாதியின் கறுப்பு அங்கியைப் பாட்டியே தம் பழைய சேலையில் தைத்துக் கொடுத்தார்.

விழாவன்று நாடகத்தின் நடுவில் மின்சாரம் போய்விட்டது. அவள் நிறுத்தவில்லை. மண்டபம் முழுவதும் இருட்டு. அந்த இருட்டில் ‘குரைக்கும்’, ‘கடிக்கும்’ என்று அவள் குரல் மட்டும் வந்தது, ஒவ்வொரு எழுத்தும் முழுதாக. முன்வரிசையில் இருந்த அவளுடைய தம்பி அழத் தொடங்கினான். யாரோ கைப்பேசி விளக்கைப் போட்டார்கள். பாட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொள் என்று அவனிடம் சொல்லவில்லை.

இந்த ஆண்டு அவள் பெரிய வேடம் கேட்கிறாள், நீளமான வசனத்தோடு. என் கையால் எழுதுவது அவளுக்குப் போதவில்லை. சித்தப்பாவின் தகரப் பெட்டி ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது கூழாகிவிட்டது. ஆகவே தங்கள் இதழ் வழியாக ஒரு வேண்டுகோள். ஐம்பதுகளில் வந்த ராஜா ராணிப் படங்கள், மாயாஜாலப் படங்கள் ஆகியவற்றின் வசனப் புத்தகங்கள் எந்த வாசகர் வீட்டுப் பரணிலாவது கிடந்தால், அட்டை கிழிந்திருந்தாலும், சில பக்கங்கள் இல்லாவிட்டாலும், படம் எடுத்துத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தால் போதும். சென்னையில் இருக்கும் என் சித்தப்பா மகன் வந்து வாங்கிக்கொள்வான். வில்லன் பேசும் பக்கங்களாக இருந்தால் அவற்றை முதலில் அனுப்புங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஞாயிறு தமிழ் வகுப்பு ஆசிரியர் ஒருவர்,
பெகு, பர்மா.